செவுள் எண்ணிக்கை

முருகன் துணை

சிவகாசி
31-10-2025

ஆசை மருமக கீர்த்திகாவுக்கு அத்தை முருகேஸ்வரி எழுதுறது. முருகன் புண்ணியத்துல நானும் என் தம்பி ஒங்கப்பனும் கை கால் நடமாட்டமா இருக்கோம். ஒனக்கு அந்த இருமல் விட்டுச்சா? நாமக்கல்லு தண்ணி ஒத்துக்கிடுதா? கோச்சிங் ஆஸ்டல்ல செல்லு வச்சுக்கிடக் கூடாதுன்னுட்டாக. ரெண்டு வாரத்துக்கு ஒருக்க, ஒங்கப்பன் நம்பருக்கு மட்டும், அஞ்சு நிமிசம். அதுலயும் நீயும் அவனும் "ம்", "சரி", "வைக்கவா"ன்னு முடிச்சிருதீக. பக்கத்துல நிக்கிற எனக்குத்தான் வயிறு எரியுது. அதான் கடிதாசி.

சூரசம்காரத்துக்கு திருச்செந்தூர் போயிட்டு வந்தோம். இந்த வருசமாவது ஒனக்கு டாக்டர் சீட்டு கெடைக்கணுமின்னு வேண்டிக்கிட்டு, செப்புக் கொடத்துல சமுத்திரத் தீர்த்தம் மொண்டாந்து பூசை ரூம்புல வச்சிருக்கேன். ஒங்கப்பன் பிளாஸ்டிக் கேன்ல புடின்னான். சாமி தண்ணிய மண்ணெண்ணெ மாதிரி கேன்லயா கொண்டாருவாகன்னு கேட்டேன். சாத்தூர் வரைக்கும் கொடம் தளும்பி அவன் வேட்டி நனஞ்சு, மொறச்சுக்கிட்டே வண்டி ஓட்டுனான்.

இப்ப விசயத்துக்கு வாரேன். பயந்துராத. ஒன் கடல் மீன் தொட்டியில அந்த ஆரஞ்சு மீன் சோடி இருக்குல்ல, அதுல பெரியவ மேல ரவை ஒட்டுன மாதிரி வெள்ளையா என்னமோ இருக்கு. முந்தாநாளு அஞ்சாறு இருந்துச்சு. இன்னைக்குச் செறகுலயும் இருக்கு. கல்லுல போயி ஒடம்ப ஒரசுறா. சின்னவன் மேல மூணு. அம்மை கண்டிருக்குமோன்னு நெனைக்கிறேன். வேப்பெல போடவா? வெரசா எழுது.

ஒன் அத்தை
முருகேஸ்வரி


நாமக்கல்
4-11-2025

அன்பு அத்தைக்கு கீர்த்திகா எழுதுறது. இருமல் பரவாயில்ல. ஒங்க முட்டுவலி எப்படி இருக்கு?

வேப்பெல வேண்டாம் அத்தை. மஞ்சள் வேண்டாம், துன்னூறும் வேண்டாம். நீங்க என்னைய விட பக்திதான், ஆனா அந்தத் தண்ணிக்கு சாமி, பேய் எதுவும் தெரியாது.

நல்லாப் பாத்து எழுதுங்க. ரவை மாதிரி தனித்தனிப் புள்ளியா, இல்ல துன்னூற ஊதிவிட்ட மாதிரி மெல்லிசாப் படிஞ்சிருக்கா? ரவைன்னா வெள்ளைப் புள்ளி நோய். அது கண்ணுக்குத் தெரியாத பூச்சி, தோலுக்குள்ள உக்காந்து தின்னும். காப்பாத்த நாள் இருக்கு. துன்னூறு மாதிரின்னா ரெண்டே நாளு. இந்தக் கடிதாசி ஒங்க கைக்கு வரவே மூணு நாள் ஆகும்.

பெரியவ முன்னால உக்காந்து, ஒரு நிமிசத்துக்கு செவுள் எத்தன தடவ தொறந்து மூடுதுன்னு எண்ணுங்க. எழுவது, எம்பது நல்லது. நூத்தத் தாண்டுனா மூச்சுக்குத் திண்டாடுதுன்னு அர்த்தம். அலமாரியில நீல மூடி போட்ட மருந்து இருக்கு. மீன் ரெண்டையும் தனி டப்புல புடிச்சு விட்டுட்டு, அந்த டப்புல மட்டும் ஊத்தணும். பெரிய தொட்டியில ஒரு சொட்டு விழக் கூடாது. விழுந்தா அந்த உசுருள்ள கடல் பூவு, எறா, நத்தை எல்லாம் செத்துரும்.

தண்ணியில யாராச்சும் எதாச்சும் ஊத்துனாகளா? அதையும் எழுதுங்க. லைன்ல அப்பாகிட்ட தொட்டிப் பேச்ச நான் எடுக்க மாட்டேன், எல்லாம் கடிதாசியிலயே இருக்கட்டும். தொட்டியில கை வைக்க மாட்டேன்னு அப்பா வாக்குக் குடுத்ததாலதான் ரெண்டாம் தடவையா இந்தக் கோச்சிங்குக்கு வந்தேன். மீன் படிப்புக்குத்தான் போவேன்னு நான் நின்னதும், "இந்தத் தொட்டியத் தூக்கி வெளிய போட்டாத்தான் ஒனக்குப் புத்தி வரும்"னு அவுக சொன்னது ஒங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

கீர்த்திகா


முருகன் துணை

சிவகாசி
8-11-2025

மருமக கீர்த்திகாவுக்கு. இங்கன ரெண்டு நாளா தூத்தல். மழையில என் முட்டுதான் பெருசா உத்தியோகம் பாக்குது. நீ ராவெல்லாம் கண்ணு முழிக்காம நல்லாத் தூங்கு தாயி.

ரவையேதான். துன்னூறு இல்ல. துன்னூறு எப்படியிருக்குமின்னு எனக்குத் தெரியாதா. மூச்ச எண்ணுனேன், சுமாரா நூறு இருக்கும். டப்புல உப்புத் தண்ணி கலந்து வச்சுட்டு வலையப் போட்டா, ரெண்டும் அந்த வெரல் வெரலா ஆடுற பூவுக்குள்ள போயிப் பதுங்கிக்கிருச்சு. பெரியவ என் கையக் கடிக்க வாரா. பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கணும். நம்ம குடும்பத்துல அவ ஒருத்திதான் ஒங்கப்பனக் கண்டு பயப்படாதவ. நானும் நேத்துலருந்து பாக்கிறேன், சிக்கல. மருந்து பாட்டில் மூடி தொறக்காம அப்படியே இருக்கு.

ஒங்கப்பன் தீவாளி முடிஞ்சு பட்டாசுக் கம்பெனியச் சாத்திட்டு வீட்டுலதான் கெடக்கான். இந்த மாசக் கடைசியிலதான் தாயில்பட்டியில பூசை போட்டுத் தொறக்கணுமாம். அடுத்த சீசனுக்கு நீலக் கலர் பேன்சி ஆர்டர் நெறைய வந்திருக்காம். மீன் தொட்டிய எட்டிப் பாத்து, "டாக்டரம்மா என்ன சொல்றா?"ன்னான். ஒன் லெட்டரப் படிச்சுக் காட்டுனேன். "ம்"னான்.

நீ கவலப்படாத. செய்ய வேண்டியத காலையில குளிச்சிட்டு நான் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

அத்தை முருகேஸ்வரி


நாமக்கல்
12-11-2025

அத்தைக்கு. நான் நல்லா இருக்கேன். நீங்க தைலம் தேச்சு முட்டுக்குத் துணி கட்டிக்கிடுங்க.

"சுமாரா நூறு" வேண்டாம் அத்தை. எண்ணுனா தொண்ணூத்தேழுன்னோ நூத்திரெண்டுன்னோதான் வரும். நீங்க ஆசப்படுறத எழுதாதீக, கண்ணுல பாத்தத எழுதுங்க. இங்கன ஒக்காந்துக்கிட்டு ஒங்க கண்ணாலதான் நான் பாக்கிறேன்.

புள்ளி தானா உதுந்துரும். ஏமாந்துராதீக. அந்தப் பூச்சி கீழ விழுந்து, மணலுக்குள்ள குஞ்சு பொரிச்சு, பத்துப் பதினஞ்சு நாள்ல நூறு மடங்கா மேல வரும். அதுக்குள்ள ரெண்டையும் டப்புக்கு மாத்தியாகணும். தீனி போடுற நேரம் பூவ விட்டு வெளிய வரும், அப்பப் புடிங்க.

நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீங்க பதில் எழுதல. தண்ணியில எதாச்சும் ஊத்துனாகளா?

கீர்த்திகா


முருகன் துணை

சிவகாசி
17-11-2025

என் தங்க மருமகளுக்கு அத்தை சந்தோசமா எழுதுறது. எல்லாரும் சொகம். ஒங்கப்பனுக்கு மட்டும் லேசா சளி.

முருகன் வேலக் காட்டிட்டான் கீர்த்தி. பெரியவ மேல ஒரு ரவை இல்ல. சின்னவன் மேலயும் இல்ல. திரும்ப வருமின்னு எழுதியிருந்தியா, நானும் கண்ணாடி போட்டுக்கிட்டு தெனமும் பாக்கிறேன், வரவேயில்ல. டப்பு கிப்பு ஒண்ணும் தேவப்படல. ஒன் பொஸ்தகத்துல இல்லாத மருந்து உலகத்துல இல்லைன்னு நெனைக்காத.

ஒரே ஒரு கொற. அந்தக் கோடு போட்ட எறா முந்தாநாளு மல்லாந்து கெடந்துச்சு. நத்தை ரெண்டு கண்ணாடியில இருந்து உதுந்து விழுந்துருச்சு. பூவு சுருங்கிப்போயி, பிழிஞ்ச துணி மாதிரி ஆயிருச்சு. அதுகளுக்கு வயசாயிருச்சோ என்னமோ. அதுக்குன்னு இன்னைலருந்து சாமிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாவே செய்யுறேன்.

தண்ணியில என்ன ஊத்துனீகன்னு கேட்டிருந்த. உப்புத் தண்ணி தவிர வேற ஒரு சொட்டு விழல. சாமி சத்தியம்.

மத்தபடி வீட்டு வேலைக்கு ஒரு கை பத்தல. பூசை ரூம்புக் கொடத்தக் கூடத் தேய்க்கல, உள்ள பூராம் பச்சை பூத்துக் கெடக்கு. புளி போட்டுத் தேய்க்கணும்.

அத்தை


நாமக்கல்
21-11-2025

அத்தைக்கு. நலம் விசாரிக்கக் கூட நேரமில்ல, மன்னிச்சுக்கிடுங்க. இத வாசிச்ச ஒடனே எந்திரிச்சு வேலையப் பாருங்க.

பூச்சியும் திரும்பி வரல. எறா, நத்தை, பூவு மூணும் சாகுது. இந்த ரெண்டும் ஒரே சமயத்துல நடக்கணுமின்னா தண்ணியில செம்பு கலந்திருக்கணும். நீல மூடி மருந்தும் செம்புதான். காப்பர். அது பூச்சியக் கொல்லும், எறாவையும் நத்தையையும் கொல்லும். கூடிப் போச்சுன்னா மீனோட செவுளையும் அரிச்சுரும். பாட்டில் மூடி தொறக்கலைன்னு எழுதியிருக்கீக. அப்ப வேற எங்க இருந்து வந்துச்சு?

அதே அலமாரியில சின்ன டெஸ்ட் பெட்டி இருக்கு. கண்ணாடிக் குப்பியில கோடு வரைக்கும் தொட்டித் தண்ணி எடுத்து, அஞ்சு சொட்டு விட்டு, அஞ்சு நிமிசம் கழிச்சு அட்டையில இருக்கிற நீலத்தோட வச்சுப் பாருங்க. நீலம் இருந்துச்சுன்னா கரிப் பையத் தொட்டியில போடுங்க. பூவையும் மிச்ச நத்தையையும் புது உப்புத் தண்ணியில மாத்துங்க. பாதித் தண்ணிய எறைச்சுட்டுப் புதுத் தண்ணி விடுங்க. தெனமும்.

யாரு ஊத்துனாகன்னு மட்டும் எனக்கு எழுதுங்க.

கீர்த்திகா


சிவகாசி
26-11-2025

கீர்த்திக்கு. நாங்க சொகம்.

டெஸ்ட் பாத்தேன். அட்டையில கடைசிக்கு முந்துன நீலம். நீ சொன்னபடி கரிப் பை போட்டாச்சு. தண்ணி எறைச்சு மாத்துறோம். பூவு தப்பல. மாத்துறப்பவே கையோட வந்துருச்சு. சின்னவன் நேத்துக் காலையில போயிட்டான். பெரியவ மூலையில மேல பாத்துக்கிட்டே நிக்கிறா. மூச்சு நூத்திமுப்பத்தொண்ணு. நல்லா எண்ணித்தான் எழுதுறேன்.

நீ யாரையும் எதுவும் நெனைக்காத. படி.

முருகேஸ்வரி


நாமக்கல்
30-11-2025

அத்தைக்கு. ஒங்க கடிதாசி அரைப் பக்கம் கூட இல்ல. மேல முருகன் துணை இல்ல. ஒங்களப் பேச விடாம யாரோ பக்கத்துல இருக்காகன்னு எனக்குப் புரிஞ்சிருச்சு.

யாருன்னு நானே சொல்றேன். காப்பர் இல்லாம நீலக் கலர் எரியாது. அப்பா கம்பெனி கெமிக்கல் ரூம்புல அது மூட்டையா இருக்கு. ஆறாப்புலயே அவுகதான் எனக்கு எரிச்சுக் காட்டுனாக. இப்ப நீல ஆர்டர் வேற. எறாவும் பூவும் எதுல சாகுமின்னு நான் ஒங்களுக்கு எழுதுன லெட்டர அவுகளுக்குப் படிச்சுக் காட்டியிருக்கீக. ஒரு மாசமா வீட்டுலதான் இருக்காக. நம்ம வீட்டுல வேற யாருகிட்ட செம்பு இருக்கு அத்தை?

தொட்டி போச்சுன்னா நான் ஒழுங்காப் படிப்பேன்னு நெனச்சிட்டாக. வாக்கு அவுகதான் மொதல்ல ஒடைச்சாக. ஏழாம் தேதி நான் லைனுக்கு வர மாட்டேன். அவுக இல்லைன்னு சொல்லட்டும், நம்புறேன். ஆமான்னா இந்தப் பரிச்சையும் எழுத மாட்டேன், அந்த வீட்டுக்கும் வர மாட்டேன். அம்மா போன பெறகு எனக்குன்னு நீங்க ஒருத்திதான். நீங்க எங்க இருந்தாலும் வந்து பாக்கிறேன்.

கீர்த்திகா


சிவகாசி
4-12-2025

கீர்த்திகாவுக்கு அப்பா எழுதுவது. நலம்.

உன் கடிதத்தை அக்காவிடம் வாங்கிப் படித்தேன். தொட்டியில் காப்பர் கலந்ததற்கு நான்தான் காரணம். அத்தையிடம் இது பற்றிக் கேட்க வேண்டாம். பெரிய மீன் உயிரோடு இருக்கிறது. இருமலுக்கு மருந்து சாப்பிடவும்.

ராஜபாண்டியன்


முருகன் துணை

சிவகாசி
14-12-2025

கீர்த்திக்கு அத்தை எழுதுறது. ஒங்கிட்ட இருந்து ரெண்டு வாரமா கடிதாசி இல்ல. ஏழாம் தேதி ஒங்கப்பன் செல்லக் கையில வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் சோறு திங்காம ஒக்காந்திருந்தான். நேத்து தூத்துக்குடியில இருந்து ஒங்கம்மாகூடப் பெறந்த காளீஸ்வரன் மாமா போன் போட்டாரு. இருவத்தெட்டாம் தேதி வந்து கூட்டிட்டுப் போயிருங்க, பரிச்ச எழுதப் போறதில்லைன்னு நீ எழுதியிருக்கியாம். அதக் கேட்ட பெறகு என்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியல.

நான்தான் ஊத்துனேன் கீர்த்தி.

ரவை வந்தன்னைலருந்து, காலையில குளிச்சிட்டு, செப்புக் கொடத்துல இருந்த சமுத்திரத் தீர்த்தத்துல ஒரு டம்ளர் எடுத்து, ஒன் பேரையும் அதுக பேரையும் சொல்லி தொட்டியில விட்டேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணிதானே, அதுவும் சாமி கடல். ரவை போனதும் எனக்குத் தலகால் புரியல. எறா செத்த பெறகு ரெண்டு டம்ளராக்குனேன். உப்புத் தண்ணி தவிர ஒண்ணும் விழலைன்னு சாமி சத்தியமா எழுதுனேனே, உப்புத் தண்ணிங்கிறது நெசந்தானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத்தான் எழுதுனேன். நீ தீர்த்தமின்னு கேட்டா வையுவன்னு தெரியும்.

செம்புன்னு நீ எழுதுன கடிதாசியப் படிச்சதும் நேரா பூசை ரூம்புக்குப் போனேன். கொடத்துக்குள்ள கைய விட்டா விரலெல்லாம் பச்சை. நல்ல தண்ணி எத்தன நாள் கெடந்தாலும் இப்படி ஆகாதே, உப்புத் தண்ணி அரிச்சிருக்கு. கொடத்த மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்துட்டேன். ஒங்கப்பன் வந்து பாத்தான். குனிஞ்சு ஒரு விரல உள்ள விட்டுத் தேச்சுப் பாத்தான். கெமிக்கல்லயே வளந்தவன், அவனுக்குச் சொல்லவா வேணும்.

"எம்புட்டு ஊத்துன?"ன்னான். சொன்னேன். கேன்ல புடின்னு அன்னைக்கே சொன்னேனேன்னு ஒரு வார்த்த கேக்கல கீர்த்தி. கேட்டிருந்தா எனக்குப் பாரம் கொறஞ்சிருக்கும்.

அவனத்தான் நீ சொல்றன்னு கடிதாசி வந்ததும் ஒடனே ஒனக்கு எழுத ஒக்காந்தேன். பேனாவப் புடுங்கிட்டான். "அக்கா, அவளுக்கு எம்மேல கோவம் பழசு. இன்னும் கொஞ்சம் ஏத்துனாலும் தாங்கும். ஒன்மேல கோவிச்சா அவ யாருகிட்டப் போவா?"ன்னான். பொய்ச் சத்தியம் ஒண்ணு நான் பண்ணியாச்சு, நீயும் ஏண்டா பொய் எழுதுறன்னு கேட்டேன். "கொடத்த வண்டியில வச்சுக் கொண்டாந்தது நான்தானே. காரணம் நான்தான்னு எழுதுறேன். அது பொய் இல்ல"ன்னான். அக்காளும் தம்பியும் ஒரே மாதிரிச் சத்தியந்தான் பண்ணுறோம்.

ஒண்ணுவிட்டு ஒரு நா தூத்துக்குடிக்குப் போயி இருவது பிளாஸ்டிக் கேன்ல கடல் தண்ணி கொண்டாந்து மாத்துறான். கம்பெனியத் தொறந்த பெறகும் காலையில ஆறு மணி, மத்தியானம் ஒரு மணி, சாயங்காலம் ஆறு மணி, தொட்டி முன்னால முக்காலியப் போட்டு எண்ணுறான். எண்ணி, வேஸ்ட்டாப் போன பட்டாசு லேபிள் தாளுக்குப் பின்னால எழுதுறான். அந்தத் தாள அவனுக்குத் தெரியாம எடுத்து இதோட வச்சிருக்கேன். இருவத்தாறாம் தேதியில இருந்து இருக்கு. நீ அவனச் சொல்லி எழுதுனதுக்கு முந்தியே.

என்னைய வையி. எம்புட்டு வேணும்னாலும் வையி. கடிதாசி போடாம மட்டும் இருக்காத.

அத்தை முருகேஸ்வரி


நாமக்கல்
17-12-2025

அத்தைக்கு. இருமல் போயிருச்சு.

ஒங்கமேல எனக்குக் கோவம் இருக்கு. கொஞ்ச நாளைக்கு இருக்கும். வந்து நேர்ல வையுறேன். கொடத்தத் தேச்சு வைங்க, ஆனா உப்புத் தண்ணி அதுல எடுக்காதீக.

தாளப் பாத்தேன். ரெண்டாம் தேதி மத்தியானம் நூத்திப்பத்துன்னு எழுதி, அத அடிச்சுட்டு நூத்திப்பதிமூணுன்னு எழுதியிருக்காக. எட்டாம் தேதி காலையில "சரியாகத் தெரியவில்லை, திரும்ப எண்ணினேன்"னு இருக்கு. அந்த ரெண்டு எடத்தையும்தான் திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருக்கேன். மாமாவ இருவத்தெட்டாம் தேதி வர வேண்டாமின்னு எழுதிட்டேன்.

ஞாயித்துக்கெழமை நான் லைனுக்கு வாரேன். அப்பாகிட்ட என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல. அவுகளுக்கும் தெரியாது. எண்ணிக்கையச் சொல்லச் சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுறேன்.

கீர்த்திகா


முருகன் துணை

சிவகாசி
21-12-2025, ஞாயிறு

மருமக கீர்த்திகாவுக்கு அத்தை எழுதுறது. நீ செல்ல வச்ச கையோட எழுதுறேன். முட்டுக்கு இப்பப் பரவாயில்ல.

ஒங்கப்பன் காலையிலயே குளிச்சு, சலவைச் சட்டை போட்டுக்கிட்டான். செல்லுல பேசுறதுக்கு எதுக்குடா சட்டைன்னு கேட்டேன், காலர இழுத்து விட்டுக்கிட்டான். நீ "அப்பா"ன்னதும் "ம்"னான். பழைய கதையாப் போயிருமோன்னு நெனச்சேன். பெறகு புதுசா எழுதிவர்ற தாள எடுத்து வச்சுக்கிட்டு வாசிக்க ஆரம்பிச்சான். பதினாலு காலை நூத்திநாலு, மத்தியானம் நூத்தியொண்ணு, சாயங்காலம் தொண்ணூத்தொம்பது. பஞ்சாங்கம் வாசிக்கிற மாதிரி. நடுவுல நீ "தீனி எடுத்தாளா?"ன்னு கேட்டியாம்ல, "பதினேழுல இருந்து"ன்னு சொன்னான். அது ஒண்ணுதான் எண்ணிக்கையில சேராத பேச்சு.

அஞ்சு நிமிசமின்னு அங்கன டக்குன்னு கட் பண்ணிட்டாகபோல. இவனுக்குத் தெரியல. தாளப் பாத்துக்கிட்டே கடைசி வரியையும் வாசிச்சு முடிச்சான். கேட்டியான்னு வேற கேட்டான். பெறகு செல்லப் பாத்தான், என்னையப் பாத்தான், முக்காலியத் தூக்கிட்டுத் தொட்டிப் பக்கம் போயிட்டான்.

அந்தக் கடைசி வரி ஒனக்குக் கேட்டிருக்காது. அதுக்குத்தான் இந்தக் கடிதாசி. இருவத்தொண்ணு, காலை ஆறு மணி: எழுவத்தெட்டு.

நானும் ஒருக்க எண்ணிப் பாத்துட்டேன். எழுவத்தெட்டுதான்.

அத்தை முருகேஸ்வரி